ஒரு முடியும் உதிராத பிரஷ்

வெள்ளைக் கார் ஒன்றின் பானெட்டில், கண்ணாடி மாதிரியான மேல்பூச்சுக்கு அடியில், ஒரு முடி படுத்திருந்தது. ஒன்றேகால் சென்டிமீட்டர் நீளம். லேசாக வளைந்து, இனி எழுந்திருக்கிற உத்தேசமே இல்லாததுபோல் கிடந்தது. கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் கொலை விழுந்திருந்தால்கூட இத்தனை பேர் கூடியிருக்க மாட்டார்கள். கொலை என்றால் போலீஸ் வந்து பார்த்துக்கொள்ளும். முடி என்றால் குவாலிட்டிக்காரர்கள் வருவார்கள்.

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஷெர்லின் அந்த இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் காலைக் கூட்டத்தில் அதன் படத்தைத் திரையில் போட்டாள். நானூறு மடங்கு பெரிதாக்கியதில் முடி பனைமரம் கணக்காக நின்றது. நுனி மூன்றாகப் பிளந்திருந்தது.

"மனுஷ முடி இல்ல சார். நுனி இப்படிப் பிளந்திருந்தா அது பன்றி முடி" என்றாள்.

பெயின்ட் ஷாப் மேனேஜர் ஸ்ரீதர் பேனாவைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தூசி பார்த்திருக்கிறார், நூல் பார்த்திருக்கிறார், ஒருமுறை முழுக் கொசு பார்த்திருக்கிறார்.

"பன்றியா?"

"பன்றிதான் சார்."

"உள்ள எப்படி வந்துச்சு?"

ஷெர்லினுக்கு முடியைப் பற்றித்தான் தெரியும். அது எப்படி வந்தது என்பது அவள் டிபார்ட்மென்ட் இல்லை.

மதியத்துக்குள் தேடல் தொடங்கிவிட்டது. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் அந்தக் கார் கம்பெனியின் பின்சுவரை ஒட்டி ஒரு கால்வாய் போகிறது. அதில் ஏழு பன்றிகள் எப்போதும் கிடக்கும். செக்யூரிட்டி ஆட்கள் ஏழையும் படமெடுத்து எண் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று பெயின்ட் ஷாப்புக்குள் வர வேண்டுமானால் மூன்று கேட்டையும், நாலு பக்கமும் காற்றடித்துத் தூசி தட்டும் அறையையும் தாண்ட வேண்டும். அந்த அறைக் கதவு அடையாள அட்டை காட்டினால்தான் திறக்கும். பன்றி எதற்கும் அட்டை வழங்கப்படவில்லை என்று எச்.ஆர். எழுத்துமூலம் உறுதி செய்தது. நாலாம் எண் பன்றியை மட்டும் நேற்றிலிருந்து காணவில்லை என்று ஒரு குறிப்பு வந்தது. ஸ்ரீதர் அதைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்தார்.

எந்தப் பன்றி என்று பானெட் துடைக்கும் கன்னியப்பனுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. பென்னலூரில் லைன் வீட்டு வாசலில் நின்று ஷேவ் செய்துகொண்டிருந்தான். தாடைக்கு அடியில், நுரை வழித்த இடத்தில், ஒரு வெள்ளை முடி ஒட்டிக்கொண்டிருந்தது. கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். நுனி பிளந்திருந்தது. கையிலிருந்த பிரஷ்ஷைத் திருப்பிப் பார்த்தான். கைப்பிடியின் அடியில் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், 'அசல் பன்றி முடி' என்று போட்டிருந்தது. நாலு வருஷமாகத் தினமும் பிடிக்கிற பிரஷ். படித்துப் பார்க்க அன்றைக்குத்தான் வேளை வந்தது.

கார் உடம்பு பெயின்ட் அடிக்கும் அறைக்குள் போவதற்கு முன்னால், பிசுபிசுப்பான துணியால் பானெட்டையும் கூரையையும் கடைசியாக ஒருமுறை துடைத்து அனுப்புவது அவன் வேலை. குனிந்துதான் துடைக்க முடியும். ஆறு வருஷமாகக் குனிகிறான். ஆறு வருஷமும் கான்ட்ராக்ட். இந்தத் தடவை பெர்மனன்ட் ஆக்கப்போகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் ஒன்பதாவதாக இருந்தது. மாதக் கடைசியில் கடிதம் கையில் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

மனைவி கலைமதியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் கடைசிப் பரிசோதனையில் இருக்கிறாள். திரையில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. முடியைப் பார்த்தாள், பிரஷ்ஷைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"யார்னா பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்பொ பன்னி மேலயே போவட்டும் வுடு மாமா. அது வந்து இல்லன்னு சொல்லப் போவுதா?"

விட்டான். அந்த வாரமே சிவப்புக் கார் ஒன்றின் கூரையில் இரண்டாவது முடி கிடைத்தது.

இந்த முறை ஷெர்லின் கம்ப்யூட்டரில் நேரத்தைப் பார்த்தாள். இரண்டு காரும் மதிய ஷிப்டில், ஒரே ஆள் துடைத்து அனுப்பியவை. இடுக்கியை எடுத்துக்கொண்டு லைனுக்கே வந்துவிட்டாள். கன்னியப்பன் முகமூடியை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, அசையாதீங்க."

அவன் அசையவில்லை. அவள் அவன் காதோரத்திலிருந்து எதையோ எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கையோடு கொண்டுவந்திருந்த லென்ஸில் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"பன்றி" என்றாள், யாரையும் திட்டாத குரலில்.

ரோபோவைப் பார்த்துக்கொள்ளும் பெர்மனன்ட் ஆள் தமிழ்வாணன்தான் முதலில் வாயைத் திறந்தான். "டேய் கன்னீ, அந்த நாலாம் நம்பரு நீதானாடா? முன்னயே சொல்லியிருந்தா கம்பெனி பஸ்ஸ கால்வாயாண்டயே நிப்பாட்டியிருப்பாங்களே!"

பிரஷ்ஷை விட்டுத் தொலையேன் என்று வெளியாள் சொல்லிவிடலாம். முடியாது. பெயின்ட் ஷாப்பில் தாடி ஆகாது, அது உதிரும். டப்பாவில் அடைத்த நுரையும் ஜெல்லும் ஆகாது. அவற்றில் இருக்கிற சிலிகான் துளி பட்டாலும் பெயின்ட்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். பவுடர், சென்ட், தலை எண்ணெய் எல்லாம் அதே பாவப் பட்டியலில். வெறும் தண்ணீரில் வழித்தால் தோல் உரியும், உரிந்த தோலும் தூசிதான். டிரிம்மர் வைத்தால் வெட்டுப்பட்ட முடி கழுத்தெல்லாம் ஒட்டும். ஆக, கம்பெனிக் கையேட்டின்படி ஓர் ஆண் சுத்தமாக இருக்க ஒரே வழி சோப்பும் பிரஷ்ஷும். எந்த சோப்பு என்று கையேட்டில் இருந்தது. எந்த பிரஷ் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. யார் கையில் குறை விழுந்ததோ அவனே அதற்கு மருந்தையும் கண்டுபிடித்து, பெரியவர்கள் முன்னால் திரையில் படம் போட்டு விளக்க வேண்டும். போல்ட் கழன்றால் போல்ட் போட்டவன். கதவு மூடாவிட்டால் கதவு மாட்டியவன். எச்.ஆரில் இருக்கும் சசிரேகா கன்னியப்பனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"உங்க பேர லிஸ்ட்ல இருந்து எடுக்கல. நிறுத்தி வெச்சிருக்கோம். இருபத்தெட்டாம் தேதி குவாலிட்டி கமிட்டி. முடி உதிராத பிரஷ் எதுன்னு தேர்ந்தெடுத்து, உதிராதுன்னு நிரூபிக்கணும். நிரூபிச்சிட்டா லெட்டர்."

"முடியலன்னா மேடம்?"

"உங்கள கான்ட்ராக்டர்கிட்ட திருப்பி அனுப்பிடுவோம்."

அவள்மேல் தப்பில்லை. திருப்பி அனுப்புவதற்கென்று அவளிடம் ஒரு படிவம் இருந்தது.

மறுநாள் காலையில் கன்னியப்பன் ஸ்ரீபெரும்புதூர் போனான். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஃபேன்சி ஸ்டோரில் ஒன்பது வகை பிரஷ் இருந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து முடியை விரித்து, வேர்ப்பக்கம் நகத்தால் கிள்ளி இழுத்தான். முகர்ந்தான். புறங்கையில் பத்து சுற்று சுற்றினான். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான், ஏன் என்று அவனுக்கே தெரியாது.

"இன்னா நைனா, மாட்டுக்குப் பல்லு புடிச்சிப் பாக்கறியா?" என்றாள் கடைக்காரம்மா.

"முடி கொட்டாததா ஒண்ணு வோணும்மா."

"எனக்கே கொட்டுது. பிரஷ்ஷுக்குக் கொட்டாதா?"

"கொட்டாதுன்னு எழுதிக் குடுப்பியா?"

"நீ ஷேவிங் பண்ணப் போறியா, கோர்ட்டுக்குப் போறியா? எதுனா ஒண்ண எட்த்துகினு கெளம்பு."

"ஒம்போதும் குடு."

கடைக்காரம்மா அவன் கழுத்துக்கு மேலே பார்த்தாள். "உனக்கு எத்தினி மூஞ்சி கீது?"

ஒன்பதையும் அப்படியே பென்னலூர் சலூனுக்குக் கொண்டுபோனான். சலூன் வைத்திருக்கும் மாரி அவன் வயசுக்காரன், ஒன்றாம் வகுப்பில் பக்கத்துப் பெஞ்ச். பிரஷ்ஷுகளை மேசையில் பரப்பியதும் மாரி மூன்றை விரலாலேயே ஓரம் தள்ளினான்.

"இதுல பசையே இல்ல. முடிய சும்மா சொருவி வெச்சிகீறான். பத்து நாள்ல மொட்ட." பிறகு கன்னியப்பனின் பழைய பிரஷ்ஷை வாங்கி அடியைப் பிதுக்கினான். தண்ணீர் வந்தது. "இத்த எங்க வெப்ப?"

"மக்குல."

"தண்ணியிலயா?"

"தண்ணியிலதான். காலைல ரெடியா கீதேன்னு."

"நாலு வருசமாவா?"

"ஆமாண்டா."

"நீ பிரஷ் வெச்சிகினு இல்லடா, ஊறுகா போட்டுகினு இருந்திருக்க. வேருல தண்ணி எறங்கி பசை வுட்டுப்போச்சி. அந்தப் பன்னி இன்னா பண்ணும் பாவம்? தலகீழாத் தொங்கவுடணும். அழுத்தித் தேய்க்கக்கூடாது. நுனியால சுத்தணும், இப்டி." காற்றில் ஒரு கன்னத்துக்கு நுரை போட்டுக் காட்டினான். "ஷேவிங் பிரஷ்ஷுக்குப் பரீட்ச வெக்கற கம்பெனிய இன்னைக்குத்தான் கேள்விப்படறேன். பாஸானா எனக்கும் ஒரு வார்த்த சொல்லு."

மீதி ஆறு. ஆறுக்கும் கைப்பிடியில் எண் ஒட்டி, கொடிக்கயிற்றில் தலைகீழாகக் கட்டினான். கறுப்பு அட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, தன் முகத்தில் நூறு சுற்று சுற்றி, உதிர்ந்ததை எண்ணினான். இதைக் கலைமதி பத்து நிமிடம்தான் பொறுத்தாள்.

"பண்றவனே எண்ணக்கூடாது மாமா. எங்க லைன்ல அப்டி எண்ணினா அன்னைக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. எழுந்துரு."

அவளுக்கு லீவு பாக்கி இருந்தது, எடுத்துக்கொண்டாள். ஒரு பிரஷ்ஷுக்கு ஒரு நாளில் ஐந்நூறு சுற்று என்று வைத்தாள். சோப்பு ஒரே சோப்பு, தண்ணீர் ஒரே சூடு. ஆறு பிரஷ்ஷுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு மூவாயிரம் சுற்று. முதல் நாள் சாயங்காலமே கன்னியப்பன் முகம் வேகவைத்த பீட்ரூட் போல ஆகிவிட்டது. இரண்டாம் நாள் சோப்பைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. முகம் போதவில்லை. முகங்கள் தேவைப்பட்டன.

லைன் வீட்டில் எட்டுப் போர்ஷன், பதினாலு ஆண்கள். எல்லோரும் ஏதோ ஒரு கம்பெனிக்குப் போகிறவர்கள். கலைமதி ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். அதற்கடுத்த ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு அந்த வாசலைப் பார்த்தவர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று புரிந்திருக்காது. பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாகப் பதினாலு பேர், எல்லோர் மடியிலும் கறுப்பு அட்டை, எல்லோர் முகத்திலும் வெள்ளை நுரை. கன்னியப்பன் ஒருவனிடமிருந்து இன்னொருவனிடம் போய்ச் சுற்றிக்கொண்டே இருந்தான். பின்னாலேயே கலைமதி நோட்டோடு வந்தாள்.

"அண்ணி, எனக்கு அந்த ஆறாம் நம்பர போடச் சொல்லுங்க. பூனக்குட்டி படுத்த மாதிரி கீது."

"கேட்டதெல்லாம் கெடைக்காது. உனக்கு இன்னிக்கு மூணு."

"மூணு சொரசொரன்னு கீது அண்ணி. தொடப்பம் மாதிரி."

"எழுதிக்கறேன். வாய மூடு, நுர உள்ள போவுது."

ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். பாதி பேர் வழிக்காமலேயே ஓடி ஏறுவார்கள். நுரை முகத்தோடு ஆறு பேர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரகடம் போவதை ரோடெல்லாம் வேடிக்கை பார்த்தது.

இரண்டாம் எண் முதல் நாளே பதினொரு முடியை உதிர்த்துவிட்டு வெளியேறியது. நாலாம் எண் டப்பாவில் ஏதோ வெளிநாட்டு மிருகத்தின் பெயர் போட்டிருந்தது. போனில் தேடிப் பார்த்தார்கள். கீரிப்பிள்ளையும் கரடியும் சம்பந்தம் பேசி முடித்ததுபோல் ஒன்று முறைத்தது. அந்த பிரஷ் நனைந்தால் வருகிற நாற்றத்துக்குத் தெருநாய் இரண்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டன. முடி அதிகம் உதிரவில்லை, ஆனால் நாய் முடி உதிர்ந்தது. அதையும் தள்ளினாள். ஒன்றும் மூன்றும் ஐந்தும் மூன்றாம் நாளைத் தாண்டவில்லை.

ஆறாம் எண் மிருக முடி இல்லை, செயற்கை இழை. நல்ல நீலம். ஆறு நாள், மூவாயிரம் சுற்று, ஒன்றுகூட உதிரவில்லை. கன்னியப்பன் குதித்தான். கலைமதி முகம் சுருங்கியது.

"பூஜ்யம்னா எங்கியோ தப்பு கீதுன்னு அர்த்தம். எங்க லைன்ல பூஜ்யம் வந்தா மறுபடியும் எண்ணச் சொல்வாங்க."

இடுக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு மத்தியானம் முழுக்க ஒவ்வொரு இழையாகப் பிடித்து இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. அப்போதும் அவள் சிரிக்கவில்லை. "சரி, போ" என்றாள்.

இருபத்தெட்டாம் தேதி கமிட்டி கூடியது. மேசையைச் சுற்றி ஆறு பேர். நடுவில் ஒரு தட்டில் ஆறாம் எண். கன்னியப்பன் இஸ்திரி போட்ட சட்டையில் நின்று படங்களைக் காட்டினான். கறுப்பு அட்டைகள், கலைமதியின் நோட்டுப் பக்கங்கள், பதினாலு நுரை முகங்கள். எண்கள் எதுவும் தவறவில்லை. ஷெர்லின் எழுந்து, ஆய்வகத்தில் தானும் ஒரு தர்ப்பூசணி மேல் ஆயிரம் சுற்று சுற்றிப் பார்த்ததாகவும் அதிலும் பூஜ்யமே வந்ததாகவும் சொன்னாள்.

"ஒருவேளை உதிர்ந்தா?" என்றார் ஸ்ரீதர்.

"நீலக் கலர் சார். வெள்ளக் கார்ல வுழுந்தா பத்தடியிலயே தெரிஞ்சிடும்" என்றான் கன்னியப்பன்.

"நீலக் கார்ல விழுந்தா?"

நீலக் கார் ஒன்று இருக்கிறது என்பது கலைமதிக்கே தோன்றாமல் போய்விட்டது.

நீலக் காரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார்கள். நீலத்தையே நிறுத்திவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். விற்பனைப் பிரிவைப் போனில் கூப்பிட்டார்கள். நீலம் கேட்கிறவர்கள் நூற்றுக்கு நாலு பேர்தான், அவர்களும் காரை அவ்வளவாகக் கழுவுவதில்லை என்று தெரியவந்தது. ஆபத்து பொறுத்துக்கொள்ளக் கூடியதே என்று குறிப்பெழுதி, பிரஷ்ஷை அங்கீகரித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பிரஷ்ஷுக்குத்தான்.

அங்கீகரித்த கருவி கம்பெனியை விட்டு வெளியே போகக்கூடாது என்பது விதி. அதற்கு ஒரு பூட்டு அலமாரி ஒதுக்கப்பட்டது. கைப்பிடியில் எண் பொறித்த தகடு ஒட்டப்பட்டது.

"மத்தவங்களுக்கும் இதே மாடல் வாங்கிடலாமே" என்றாள் சசிரேகா.

"சோதிச்சது இந்த ஒரு பிரஷ்ஷத்தான் மேடம்" என்றாள் ஷெர்லின். "அதே கடையில அதே டப்பால வந்தாலும் அது வேற பிரஷ்."

அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். ஆக, ஷிப்டுக்கு நாற்பத்தெட்டு பேருக்கும் இந்த ஒரே பிரஷ். அவரவர் போட்டுக்கொண்டால் அழுத்தித் தேய்ப்பார்கள், அதனால் நுரை போடுவது ஒரே கையாக இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் நடுவே மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்கச் சொல்லிக் கம்பெனி டாக்டர் போனில் யோசனை சொன்னார். வழிப்பது அவரவர் பிளேடு, அவரவர் பாடு.

"கன்னியப்பனே போடட்டுமே" என்றார் ஸ்ரீதர்.

"அது முடியாது சார். எண் போட்ட கருவிய கான்ட்ராக்ட் ஆள் கையெழுத்துப் போட்டு எடுக்கக்கூடாது. ஆடிட்ல மாட்டிப்போம்" என்றாள் சசிரேகா.

கன்னியப்பன் தொண்டையைச் செருமினான். "மேடம், நிரூபிச்சா லெட்டர்னு சொன்னீங்களே."

"அது பானெட் துடைக்கற வேலைக்கு. அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சு. நீங்க பிரஷ் வேலையா இருந்தீங்கல்ல, லைன் நிக்கக்கூடாதே."

அவன் பிரஷ்ஷைப் பார்த்தான். அது தட்டில் நிமிர்ந்து நின்றது.

பெர்மனன்ட் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தமிழ்வாணன் வாசலிலேயே நின்றுகொண்டான். "சார், நான் ரோபோ ஓட்றவன். என்னப் போயி இவனுங்க கன்னத்த தடவச் சொல்றீங்களே. யூனியன்ல ஒரு வார்த்த கேட்டுகினு வரேன்" என்று போனவன் வரவில்லை. அடுத்தவனுக்கு சோப்பு அலர்ஜி. அதற்கடுத்தவன், பொண்டாட்டி வீட்டில் தெரிந்தால் மானம் போகும் என்றான். ஏழு பேரைக் கேட்டு முடித்தபோது சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

சசிரேகா மடிக்கணினியை மூடினாள். "வேற வழியில்ல சார். பிரஷ்ஷ இவர் தொடணும்னா இவரைப் பெர்மனன்ட் ஆக்கித்தான் ஆகணும்."

"ஆக்கிடுங்க" என்றார் ஸ்ரீதர். அவருக்குப் பசித்தது.

கடிதம் அன்று மாலையே வந்தது. பதவி: முகச் சுத்தி டெக்னீஷியன். ஷிப்ட், கேன்டீன், பஸ், வைத்தியம் எல்லாம் பெர்மனன்ட் ஆளுக்கு உள்ளபடி. கீழே ஒரு வரி: மேற்படி பதவி, மேற்படி எண்ணுள்ள கருவி பயன்பாட்டில் இருக்கும் வரை. அதற்கும் கீழே இன்னொரு வரி: ஓர் இழை உதிர்ந்தாலும் கருவி பயன்பாட்டிலிருந்து நீக்கப்படும். இரண்டு முறை படித்தான். கையெழுத்துப் போட்டான். போடாமல் என்ன செய்வான்.

வீட்டில் கலைமதி கடிதத்தை விளக்குக்கு நேராகப் பிடித்து, கீறல் தேடுகிறவள்போல் படித்தாள்.

"இன்னா வேல இது?"

"மூஞ்சிக்கு நுர போடணும்."

"நாப்பத்தெட்டு மூஞ்சிக்கா?"

"ஷிப்டுக்கு."

அவள் கடைசி வரியில் விரலை வைத்து நிறுத்தினாள். "மூவாயிரம் சுத்து பாத்தோம் மாமா. ஒரு மூஞ்சிக்கு இருவது சுத்துன்னா, மூணு நாள் வேல. நாலாம் நாளுக்கு மேல அது இன்னா பண்ணும்னு யாருக்கும் தெரியாது."

அவனும் அந்தக் கணக்கைப் பஸ்ஸிலேயே போட்டிருந்தான்.

இரண்டு நாள் கழித்து மாரியிடம் சொல்லப் போனபோது அவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நாற்காலியில் இருந்தவன் தலை பாதி வெட்டினபடி நின்றது.

"பதினேழு வருசமா இதே வேல செய்யறேன். எனக்கு ஒரு லெட்டரும் வர்ல."

"நீயும் போட்டுப் பாருடா. காலைல ஷிப்டுக்கு ஒரு ஆள் எடுக்கறாங்களாம்."

"போட்டேன்டா. கம்பெனி கேட்டாண்ட போர்டுல பாத்துட்டு நேத்தே போயிக் குடுத்தேன். பெயின்ட்ல ஐடிஐ முடிச்சிருக்கணுமாம்." சிரிப்பை நிறுத்திவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தான். "சொந்தக்காரங்க கேட்டா இன்னான்னு சொல்லுவ?"

"டெக்னீஷியன்னு. லெட்டர்ல அப்டித்தான் கீது."

"சொல்லிக்கோ. என்னக் கேக்கறவங்க யாரும் லெட்டர் பாக்கறதில்ல" என்றான் மாரி. பாதியில் நின்ற தலைக்குத் திரும்பினான்.

பெயின்ட் ஷாப் வாசலில் ஒரு சின்ன அறை ஒழித்துக் கொடுத்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு வாளி, ஒரு பதிவேடு. மதியம் இரண்டு மணிக்கு வரிசை நிற்கும். கன்னியப்பன் அலமாரியைத் திறந்து, கையெழுத்துப் போட்டு, பிரஷ்ஷை எடுப்பான். நுனியால்தான் சுற்றுவான், முகத்துக்கு இருபது சுற்றுக்கு மேல் போகமாட்டான். எவனாவது தாடையை அசைத்தால் திட்டுவான். முடித்ததும் பிரஷ்ஷை விரித்து வேர்வரை பார்ப்பான். பஸ்ஸில் தூங்கும்போதும் விரல்கள் மடியில் எதையோ விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. முன்பு முடி அவன் கனவில் வந்ததில்லை.

நாற்பத்துமூன்றாம் நாள் நாற்காலியில் தமிழ்வாணன் உட்கார்ந்திருந்தான். கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, கல்யாண மாப்பிள்ளைபோல் முகத்தைக் கொடுத்திருந்தான். பதினேழாவது சுற்றில், இடது கன்னத்து நுரையில், ஒரு நீலக் கோடு தெரிந்தது.

கன்னியப்பன் கை நின்றது. வெளியே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். கதவுக் கண்ணாடி வழியாக ஷெர்லின் யாரிடமோ பேசிக்கொண்டு போவது தெரிந்தது. அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆள்காட்டி விரலால் நுரையோடு சேர்த்து வழித்தான். வாயில் போட்டுக்கொண்டான். இழை நாக்கின் அடியில் ஒருமுறை மடங்கி, தொண்டையில் குறுக்கே நின்றது. எச்சிலைக் கூட்டி இரண்டாம் முறை விழுங்கியதில் இறங்கியது.

தமிழ்வாணன் ஒரு கண்ணைத் திறந்தான். "இன்னாத்தடா துன்ற?"

"சோப்பு."

"எப்டி கீது?"

"உப்பு கம்மி. கண்ண மூடு."

மீதி மூன்று சுற்றையும் முடித்தான். பதிவேட்டை எடுத்து, 'உதிர்ந்தவை' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டான். கோணலாக வந்தது. பதிவேட்டில் அடித்துத் திருத்தக்கூடாது என்று விதி. அப்படியே விட்டுவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டான்.